கெட் (get), டேக் (take): இரண்டையும் குழப்பாமல் பிரித்துப் பழக முழுமையான வழிகாட்டி

"தீபாவளிக்குத் துணி எடுத்தோம்" என்பதை "வி டுக் ட்ரெஸ் ஃபார் தீபாவளி" என்று சொன்னால் வெளியூர்க்காரர் விழிப்பார். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடையில் நாம் எடுப்பது ஆங்கிலத்தில் டேக் இல்லை. காசு கொடுத்து வாங்குவதால் அது பை (buy), அல்லது கெட். டேக் என்று சொன்னால், பில் போடாமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்ட மாதிரி கேட்கும்.

கெட் என்றால் பெறு, டேக் என்றால் எடு என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததுதான் இந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம். தமிழில் எடு, வாங்கு, பிடி என்று நாள் முழுக்கப் புழங்கும் வினைகள் ஒவ்வொன்றும் ஒரு பாதி கெட் பக்கமும் மறுபாதி டேக் பக்கமும் கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்கும் வரிசை கீழே இருக்கிறது. வரிசையை மாற்றாதீர்கள். கெட் அப், டேக் ஆஃப் என்று ஜோடிச் சொற்களில் ஆரம்பிப்பவர்கள்தான் பாதியில் நோட்டை மூடிவைக்கிறார்கள்.

1. உட்காரும் முன் தேவைப்படுபவை

ஒரு நோட்டு, இரண்டு நிறப் பேனா. கெட் ஒரு நிறம், டேக் இன்னொரு நிறம். ஒரு மாதம் கழித்துப் புரட்டும்போது எந்தத் தமிழ்ச் சொல் இரண்டு பக்கமும் விழுந்திருக்கிறது என்று நிறமே காட்டிக்கொடுக்கும்.

ஆங்கிலம் படிப்பவர்களுக்கென்றே எழுதிய ஆங்கில-ஆங்கில அகராதி ஒன்று. ஆங்கில-தமிழ்க் கையகராதி இந்த வேலைக்கு உதவாது. அது ஒரு சொல்லுக்கு எட்டுச் சொல்லை அடுக்கிக் கொடுக்கும், ஒரு வாக்கியம் கொடுக்காது. போனில் இருக்கும் அகராதியே போதும். அச்சில் புரட்டிப் பார்க்க நினைப்பவர்கள் புது நத்தம் ரோட்டில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

வினை வடிவங்கள்: கெட், காட், காட். டேக், டுக், டேக்கன். டுக் என்பது குறில். "டூக்" என்று இழுக்கக் கூடாது. அமெரிக்கப் படங்களில் "காட்டன்" என்று காதில் விழுந்தால் அது பருத்தி இல்லை, கெட்டின் மூன்றாம் வடிவத்தை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். நம் பாடப்புத்தக வழக்கத்துக்குக் காட் போதும்.

கடைசியாக, 30 தமிழ் வாக்கியங்கள். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை நீங்கள் வாயால் சொன்னவை, சொன்ன மாதிரியே. "பஸ் கிடைக்கல", "தலைவலி எடுக்குது", "அப்பாகிட்ட வசவு வாங்குனேன்" என்று. ஆங்கில வாக்கியத்தைப் படித்தால் சூழலை வைத்து அர்த்தம் புரிந்துவிடும், தெரியும் என்றும் தோன்றிவிடும். பேசும்போது நாம் கிளம்புவது தமிழிலிருந்து. அதனால் பயிற்சியும் தமிழிலிருந்து கிளம்ப வேண்டும்.

2. வினைக்குப் பின்னால் என்ன நிற்கிறது?

அர்த்தத்தைத் தேடும் முன் அடுத்த சொல்லைப் பாருங்கள். கெட் என்ற சொல் தனியாக எதையும் சொல்லாது. பின்னால் வருவதுதான் அதற்கு அர்த்தம் கொடுக்கிறது.

பின்னால் பொருள் வந்தால்: கிடைத்தது, வாங்கினேன், வந்தது. "ஐ காட் எ லெட்டர்."

பின்னால் ஒரு நிலையைச் சொல்லும் சொல் வந்தால்: ஆகு. "ஹி காட் ஆங்கிரி", கோபமாயிட்டார். "த டீ இஸ் கெட்டிங் கோல்ட்", டீ ஆறுது. கோபப்படு, ஆறு, நனை, களை என்று தமிழ் ஒவ்வொன்றுக்கும் தனி வினை வைத்திருக்கிறது. ஆங்கிலம் கெட்டையே எல்லா இடத்திலும் போட்டு ஓட்டுகிறது. இந்த வேலையை டேக் செய்யவே செய்யாது. ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுவதைச் சொல்கிறீர்களா, யோசிக்காமல் கெட் போடுங்கள்.

பின்னால் இடம் வந்தால்: போய்ச் சேர். "வி காட் டு திருமங்கலம் அட் டென்." வீட்டுக்கு என்று சொல்லும்போது மட்டும் "டு" வராது: "காட் ஹோம்". "காட் டு ஹோம்" என்பது எழுத்தில் அடிக்கடி கண்ணில் படும் பிழை.

பின்னால் "டு" போட்டு இன்னொரு வினை வந்தால் கவனம் தேவை. "வி காட் டு சீ அழகர்" என்றால் வைகையில் அழகர் இறங்குவதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருந்தது. "வி ஹேவ் காட் டு சீ அழகர்" என்றால் பார்த்தே ஆகணும். நடுவில் ஒரு "ஹேவ்" வந்ததும் பாக்கியம் கட்டாயமாகிவிட்டது. பேச்சில் அந்த ஹேவ் "வ்" என்று தேய்ந்துதான் கேட்கும், காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

டேக்குக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. பெரும்பாலும் ஒரு பொருளையோ ஆளையோ நேரத்தையோ பின்னால் கேட்கும். எதை என்ற கேள்விக்குப் பதில் இல்லாத வாக்கியத்தில் டேக் வந்திருந்தால், மறுபடி ஒருமுறை பாருங்கள்.

3. வந்து சேர்ந்ததா, கை நீட்டியதா?

இரண்டுமே பொருந்தும்போல் தோன்றினால் கேட்க வேண்டிய கேள்வி இது. ஒன்று உங்களிடம் வந்து சேர்ந்தால் கெட். நீங்களாகக் கை நீட்டி, முடிவு செய்து, உங்கள் பக்கம் இழுத்தால் டேக்.

பெரியாஸ்பத்திரிக்குக் காய்ச்சலோடு போய் வருவதை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ஓ.பி. சீட்டு வாங்கினேன்: காட். நர்ஸ் பி.பி. பார்த்தார்: அவர் செய்தது, எனவே "ஷி டுக் மை பி.பி." ரத்தம் எடுத்தார்: டுக். ரிசல்ட் வந்தது: காட். ஊசி போட்டார்கள்: "ஐ காட் அன் இன்ஜெக்‌ஷன்." மாத்திரை போட்டேன்: "ஐ டுக் எ டேப்லெட்." சரியாயிருச்சு: "ஐ காட் பெட்டர்."

ஊசியும் போடுவதுதான், மாத்திரையும் போடுவதுதான். பிறகு ஏன் ஒன்று காட், ஒன்று டுக்? ஊசியை இன்னொருவர் போட்டார், அது உங்கள் உடம்புக்கு வந்தது. மாத்திரையை நீங்களே கையில் எடுத்து வாயில் போட்டீர்கள். இதே காரணத்தால்தான் சர்க்கரைக்காரர் வீட்டில் தானே போட்டுக்கொள்ளும் இன்சுலினுக்கு "டேக் இன்சுலின்" சரியாகப் பொருந்துகிறது. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்குவது கெட், விழுங்குவது டேக் என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழிலேயே இதற்கு ஒரு தடயம் இருக்கிறது. வாக்கியம் "எனக்கு" என்று தொடங்கினால் பெரும்பாலும் கெட். எனக்குக் கிடைச்சது, எனக்கு வந்துச்சு, எனக்குப் புரிஞ்சது. கடைசியாகச் சொன்னதும் கெட்தான்: "ஐ காட் இட்." "நான்" என்று தொடங்கினால் இரண்டில் எதுவும் வரலாம், அப்போதுதான் மேலே சொன்ன கேள்வி வேண்டும்.

4. எடு, வாங்கு, பிடி: மூன்றையும் பிளந்து வைத்தல்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். நோட்டில் ஒவ்வொரு வினைக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள்.

எடு. போட்டோ எடு, லீவு எடு, முடிவு எடு, ரிஸ்க் எடு: நான்கும் டேக். இந்த நான்கும் ஒத்துப்போவதால்தான் எல்லா எடுவும் டேக் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. மார்க் எடு: கெட். "ஐ டுக் நைன்ட்டி மார்க்ஸ்" தவறு. மார்க் திருத்துபவர் கொடுப்பது, உங்களுக்கு வந்து சேர்வது. துணி எடு: பை அல்லது கெட். தலைவலி எடு, பசி எடு: உடம்பில் தானாக வருவது, எனவே "ஐ காட் எ ஹெட்டேக்", "ஐ காட் ஹங்க்ரி". வாந்தி எடு: இரண்டும் இல்லை, வாமிட் என்பதே வினை. கண்டக்டர் "வண்டிய எடுங்கண்ணே" என்று குரல் கொடுப்பது ஸ்டார்ட். "டேக் த பஸ்" என்றால் பஸ்ஸில் போ என்றுதான் அர்த்தம், டிரைவரிடம் சொல்லிப் பயனில்லை.

வாங்கு. மார்க் வாங்கு, வசவு வாங்கு, டி.சி. வாங்கு, பரிசு வாங்கு: எல்லாம் கெட். வசவு வாங்குவதைச் சொல்ல "ஐ காட் ஸ்கோல்டிங்" என்பார்கள், சரியானது "ஐ காட் எ ஸ்கோல்டிங்". அந்த "எ" விட்டுப்போனால் காது உடனே பிடித்துவிடும். கடையில் "ஜிபே வாங்குவீங்களாண்ணே" என்று கேட்பது மட்டும் "டூ யூ டேக் ஜிபே?" ஏனென்றால் அங்கே கேள்வி, அவர் ஏற்றுக்கொள்வாரா என்பது. ஏற்றுக்கொள் என்று மாற்றிச் சொல்ல முடிகிற வாங்கு எல்லாம் டேக் பக்கம்.

கடன் வாங்கு இரண்டு பக்கமும் எழுத வேண்டியது. "ஐ டுக் எ லோன்" என்றால் வாங்குவது என்று முடிவு செய்து தலையில் ஏற்றிக்கொண்டேன். "ஐ காட் எ லோன்" என்றால் அலைந்து திரிந்து பேங்கில் சாங்ஷன் ஆகிவிட்டது. லஞ்சம் வாங்கு என்பதற்கு டேக்தான். கை நீட்டி வாங்கினார் என்று தமிழிலும் நாம் சொல்வது அதைத்தான். அங்கே கெட் போட்டால் குற்றம் கொடுத்தவர் பக்கம் சாய்ந்து, வாங்கியவர் தப்பித்துக்கொள்கிறார்.

மூச்சு வாங்குது என்பதை மறக்காதீர்கள். யானைமலையில் பாதிப் படி ஏறியதும் வரும் அந்த மூச்சு "ஐ காட் அவுட் ஆஃப் ப்ரெத்". அங்கே "டேக் எ ப்ரெத்" என்று யாராவது சொன்னால் நின்று ஒரு மூச்சு இழுத்துக்கோ என்று பொருள்.

பிடி. எனக்குச் சளி பிடிச்சிருச்சு: காட். வாடகைக்கு வீடு பிடிச்சோம்: தேடிக் கிடைத்தது என்பதால் காட். பெரியார் பஸ் ஸ்டாண்டுல பஸ் பிடிச்சேன்: எந்த வண்டியில் போனீர்கள் என்று சொல்ல டுக், தவற விடாமல் ஓடிப் பிடித்ததைச் சொல்ல கேட்ச். நேரம் பிடிக்கும்: டேக். குழந்தை அடம் பிடிக்கிறதும் எனக்கு மல்லிகைப்பூ பிடிக்கும் என்பதும் இரண்டிலும் சேராது.

இந்தப் பட்டியலை இங்கிருந்து அப்படியே நகல் எடுக்க வேண்டாம். உங்கள் 30 வாக்கியங்களில் எடு, வாங்கு, பிடி வரும் இடங்களை மட்டும் பொறுக்கி, 3-ஆம் படியின் கேள்வியைக் கேட்டு, நீங்களே நிறம் போடுங்கள். பிறகு அகராதியில் சரிபாருங்கள். தப்பான நிறம் விழுந்த வாக்கியங்களை அழிக்காமல் பக்கத்தில் திருத்தி எழுதுங்கள். எங்கே வழுக்குகிறது என்று தெரிய வேண்டும் அல்லவா.

5. கொண்டு வா, கொண்டு போ, நேரம்

அங்கிட்டு, இங்கிட்டு என்று திசை பிரிப்பது நமக்குப் பழக்கம், ஆகவே இந்தப் படி எளிது. இங்கிருந்து அங்கிட்டுக் கொண்டு போவது, கூட்டிக்கொண்டு போவது: டேக். "டேக் அம்மா டு த டெம்பிள்." போய் எடுத்துக்கொண்டு இங்கிட்டு வருவது: கெட். "கெட் மீ எ டீ" என்பதில் போவதும் வருவதும் சேர்ந்தே இருக்கிறது. அங்கே டேக் போட்டால் டீ உங்களைவிட்டு நகர்ந்து போய்விடும்.

நேரத்தில் இரண்டு தனித்தனி வேலை. மாட்டுத்தாவணியிலிருந்து மேலூருக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்றால் "இட் டேக்ஸ் அன் அவர்". எழுவாய் இடத்தில் "இட்" வர வேண்டும். "ஒன் அவர் வில் கம்" என்பது தமிழை அப்படியே தூக்கி வைத்தது. நேரமாயிருச்சு என்றால் "இட்ஸ் கெட்டிங் லேட்". முதலாவது செலவாகும் நேரம், இரண்டாவது நிலை மாற்றம். 2-ஆம் படியில் பார்த்த அதே ஆகுதான்.

6. தைத்து வாங்கினேன்

தையல்காரரிடம் கொடுத்து வாங்கிய ஜாக்கெட்டைக் காட்டி "ஐ ஸ்டிச்ட் திஸ் ப்ளவுஸ்" என்று சொன்னால், கேட்பவர் உங்களிடமே இன்னொன்று தைக்கக் கொடுத்துவிடுவார். நீங்களே ஊசி பிடித்துத் தைத்ததாகத்தான் அதற்குப் பொருள்.

சரியான வரிசை: கெட், பிறகு பொருள், பிறகு வினையின் மூன்றாம் வடிவம். "ஐ காட் த ப்ளவுஸ் ஸ்டிச்ட்." வண்டியை சர்வீஸுக்கு விட்டது "ஐ காட் மை பைக் சர்வீஸ்ட்". பொருளை நடுவில் வைக்காமல் "ஐ காட் ஸ்டிச்ட் த ப்ளவுஸ்" என்று எழுதுவதுதான் இங்கே வழக்கமான சறுக்கல்.

யாரிடம் சொல்லிச் செய்ய வைத்தோம் என்று ஆளையும் சொல்ல வேண்டுமானால் "டு" நுழையும்: "ஐ காட் மை பிரதர் டு ஃபிக்ஸ் த ஃபேன்." தம்பியிடம் சொல்லி ஃபேனைச் சரிபண்ண வைத்தேன். இந்த இரண்டு வேலைக்கும் டேக் வராது.

7. ஆஃப், அவுட், பேக்: தன்வினையும் பிறவினையும்

இப்போதுதான் ஜோடிச் சொற்கள். இவற்றுக்கான சாவி ஆங்கில இலக்கணப் புத்தகத்தில் இல்லை, பள்ளியிலேயே நாம் கடந்து வந்த தன்வினை, பிறவினையில் இருக்கிறது. தான் நகர்ந்தால் கெட், இன்னொன்றை நகர்த்தினால் டேக்.

இறங்கு, இறக்கு: கோரிப்பாளையத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கு, கெட் ஆஃப். பரணிலிருந்து பெட்டியை இறக்கு, டேக் டவுன். வெளியேறு, வெளியே எடு: கெட் அவுட், டேக் அவுட். திரும்பு, திருப்பு: வீடு திரும்புவது கெட் பேக், அளவு சேராத சட்டையைக் கடைக்குத் திருப்புவது டேக் பேக். கழல், கழற்று என்பதில் பாதிதான் உதவும். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவது டேக் ஆஃப். அங்கே "கெட் ஆஃப்" என்றால் ஏறி நிற்கும் இடத்தைவிட்டு இறங்கச் சொல்வது.

ஏறுவதற்கு ஒரு கிளை விதி. உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டிக்கு ஆன்: பஸ், ரயில். குனிந்து உட்கார வேண்டியதற்கு இன்: ஆட்டோ, கார். காலைத் தூக்கிப் போட்டு மேலே உட்காரும் பைக்குக்கு மறுபடி ஆன். இறங்கும்போது முறையே ஆஃப், அவுட், ஆஃப்.

விதிக்கு அடங்காதவையும் உண்டு. விமானம் கிளம்புவது டேக் ஆஃப், அது தானாகத்தான் கிளம்புகிறது. அம்மாவை உரித்து வைத்திருக்கிறாள் என்பது "ஷி டேக்ஸ் ஆஃப்டர் ஹெர் மதர்". டேக் ஓவர் என்றால் பொறுப்பைத் தன் கைக்கு எடுத்துக்கொள்வது, கெட் ஓவர் என்றால் நோயிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீள்வது. கெட் அப் எழு, ஆனால் எழுப்பு என்பது டேக் அப் இல்லை, வேக் அப். டேக் அப் என்றால் தையலோ கராத்தேயோ புதிதாகக் கற்க ஆரம்பிப்பது. கெட்டும் சில சமயம் பொருளை நடுவில் வைத்து "கெட் யுவர் ஷூஸ் ஆஃப்" என்று வரும். ஆரம்பத்தில் அதைக் கண்டுகொள்ளாமல் விடுங்கள், காதில் விழுந்தால் புரிந்தால் போதும்.

ஒரு நாளைக்கு இரண்டு ஜோடிக்கு மேல் வேண்டாம். பத்து ஜோடியை ஒரே நாளில் எழுதினால் ஆஃப் எல்லாம் அவுட் ஆகிவிடும்.

8. நம் ஊர் வழக்கு, வெளியூர் வழக்கு

"ஐ வில் கெட் டவுன் அட் ஆரப்பாளையம்" என்றால் இந்தியாவில் எங்கும் புரியும். வெளிநாட்டவரிடமும் தேர்வுத் தாளிலும் கெட் ஆஃப் போடுங்கள். "டேக் டீ", "டேக் ஃபுட்" என்று உபசரிப்பதற்கு ஹேவ் பொருத்தம். "டேக் ரெஸ்ட்" என்பதற்கு "கெட் சம் ரெஸ்ட்" இயல்பாக விழும். "டேக் எ கிளாஸ்" என்பதை நாம் ஆசிரியர் பாடம் எடுப்பதாகப் புரிந்துகொள்கிறோம், அமெரிக்கரிடம் சொன்னால் மாணவராகச் சேர்ந்து படிப்பதாக எடுத்துக்கொள்வார். நம் வழக்கு அசிங்கம் என்று யாராவது சிரித்தால் பொருட்படுத்த வேண்டாம். எங்கே எது செல்லும் என்று தெரிந்திருந்தால் சரி.

9. தேறிவிட்டதா என்று பார்க்க

30 வாக்கியங்களையும் தமிழ் மட்டும் தெரியும்படி மடித்து வைத்து, ஒவ்வொன்றையும் வாய்விட்டு ஆங்கிலத்தில் சொல்லுங்கள். யோசித்து நின்றால் அந்த வாக்கியம் இன்னும் தேறவில்லை, சரியாகச் சொல்லியிருந்தாலும்கூட. அதில் எந்தப் படி இடித்தது என்று பார்த்து அந்தப் படிக்கு மட்டும் திரும்பிப் போங்கள். முதலிலிருந்து எல்லாவற்றையும் ஓட்ட வேண்டியதில்லை. அடுத்த வாரம் புதிதாக 30 வாக்கியங்கள்.

கடைசிச் சோதனைக்கு ஒரே வாக்கியம் போதும். பாஸ்போர்ட் சைஸ் படத்துக்காக டவுன் ஹால் ரோட்டில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். "ஐ டுக் எ ஃபோட்டோ" என்று சொன்னால் கேமரா உங்கள் கையில் இருந்திருக்க வேண்டும். கேமராவைப் பிடித்தவர் அவர், அதனால் டேக் அவருடைய வினை. வேலையைச் செய்ய வைத்துப் படத்தோடு வந்தவர் நீங்கள், அதனால் கெட் உங்களுடையது. "ஐ காட் மை ஃபோட்டோ டேக்கன்."